அக்கரை மேகம்

ஏரிக்கரையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று அந்த மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கரைக்கு மேலே மலை மாதிரி எழும்பி நின்றது. மாலை வெயில் பட்டு உச்சி ரோஜா நிறம், அடி கத்தரிப்பூ நிறம். உள்ளுக்குள் மின்னல் ஓடிக்கொண்டே இருந்தது. சத்தம் மட்டும் இத்தனை தூரம் வரவில்லை.

வடமேற்கிலிருந்து வந்து, ஊரைத் தொடாமல் ஒதுங்கி, ஏரியைத் தாண்டிப் போன இடிமழை அது. கரையில் நாலு தூறலும் கொஞ்சம் காற்றும்தான். கோடை விடுமுறைக்கு வந்திருந்த வெளியூர்க்காரர்களுக்குப் படம் எடுத்து மாளவில்லை.

சிற்றுண்டிக் கடை ஐரீனும் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். ஐம்பது வருடமாக இந்தக் கரையில் இருக்கிறாள். இப்படியொன்றைப் பார்த்ததில்லை.

அப்போதுதான் மேட்டில் ஓரெஸ்டின் டிரக் வந்து நின்றது.

ஐரீன் மேகத்தை மறந்தாள்.

ஓரெஸ்ட் ஊருக்கு வடமேற்கே ஐந்து மைலில் கோதுமை போடுகிறவன். அறுப்பு நெருங்கும் ஆகஸ்ட் மாதத்தில் அவனை ஏரிப்பக்கம் யாரும் கண்டதில்லை. ஒரு தடவையாவது சேர்ந்து குளிக்கலாம் என்று முப்பது கோடையாகக் கேட்டு அலுத்துப்போனவள் அவன் மனைவி தெல்மா.

இன்று இருவரும் கைகோத்து இறங்கி வந்தார்கள். அவன் வேலைக்குப் போடும் கால்சட்டையோடு.

"என்ன ஓரெஸ்ட், வழி தவறி வந்துட்டியா? அறுப்பு மிஷின் அங்க உன்னத் தேடிக்கிட்டு இருக்கும்."

"அறுப்பெல்லாம் முடிஞ்சு போச்சு, ஐரீன்."

ஊரில் இன்னும் எவனும் மிஷினை வெளியே எடுக்கவில்லை. இந்த வருடம் மாதிரி விளைந்ததே இல்லை என்று போன ஞாயிறு சர்ச் வாசலில் சொன்னவனே இவன்தான். பதிலுக்குக் கேலி செய்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர்கள் நிற்காமல் தண்ணீருக்குள் நடந்தார்கள். முழங்கால், இடுப்பு, கழுத்து.

அவனுக்கு நீச்சல் தெரியாது. தெல்மா அவன் முதுகுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்தாள். அறுபத்திரண்டு வயது மனிதன் முதல்முறையாகத் தண்ணீர்மேல் மிதந்தான். தொப்பி மறைத்திருந்த நெற்றி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

அவன் கண் மேகத்தின் மேல் இருந்தது.

"எவ்ளோ பெருசு பாரு, தெல்மா."

சர்ச்சுக்குள் பேசுவதுபோல் மெதுவாகத்தான் சொன்னான். அசையாத தண்ணீர் அந்தக் குரலைக் கரைவரை கொண்டுவந்தது.

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள் தெல்மா. கையை அவள் எடுக்கவில்லை.

துடைக்கத் துண்டுகூடக் கொண்டுவரவில்லை, பாவம். கடையிலிருந்து இரண்டை எடுத்துக்கொண்டு ஐரீன் மேட்டில் ஏறினாள்.

டிரக்கின் முன்கண்ணாடி முழுக்க விரிசல்.

பின்தொட்டியில் கணுக்கால் ஆழத்துக்குக் கோழிமுட்டை அளவு ஆலங்கட்டிகள், இன்னும் கரையாமல் கிடந்தன. நடுநடுவே, கழுத்தோடு அறுந்த கோதுமைக் கதிர்கள். எல்லாம் மணி முற்றியவை.

ஐரீன் துண்டுகளை இருக்கையில் வைத்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.