புதுக் காசின் சூடு

காக்கை, மைனா, அணில் மூவருக்கும் தங்கக்காசுப் பைத்தியம். வெள்ளிக்கிழமை காலையில் மதில்மேல் கூடுவார்கள். கடைசியாக வாங்கிய காசை மட்டும்தான் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் அதை வாயில் கவ்விப் பார்த்து எடை சொல்ல வேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம்.

அன்று காக்கைதான் முதலில் காட்டியது. பெருச்சாளியிடம் ஆறு கருவாடு கொடுத்து வாங்கிய காசு. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் தாமரை. தேய்மானமே இல்லை. இப்படி ஒன்றுக்காக அது மூன்று மழைக்காலம் காத்திருந்தது.

“அடேயப்பா! யானைக் காதுல மடிப்புகூடத் தெரியுதே, காக்கையக்கா!” என்று அணில் வாலைத் தூக்கியது.

மைனா காசைக் கவ்வியது. எடை சொல்லாமல் மெல்லக் கீழே வைத்தது. “வெதுவெதுன்னு இருக்கே?”

“இருக்காதா பின்னே? நாலு நாளா என் வயித்துக்கடியிலதான் வச்சிருக்கேன். பெருச்சாளி மனசு மாறித் திரும்பத் தூக்கிட்டுப் போயிட்டா?”

“அப்போ அடைகாத்துக்கிட்டிருந்த முட்டைங்க?” என்றது மைனா.

“அதுங்க பத்திரமா இருக்கு. கூட்டுல ஓரமா ஒதுக்கி...” என்று ஆரம்பித்த காக்கை பாதியில் நிறுத்திக்கொண்டது.

அணிலின் வால் தாழ்ந்தது. மைனா தன் காசை வெளியே எடுக்கவே இல்லை.

காக்கை காசைக் கவ்விக்கொண்டு ஒரே மூச்சில் கூட்டுக்குப் பறந்தது. மூன்று முட்டைகளும் உடையாமல் அப்படியே கிடந்தன. இறக்கையை விரித்து அவற்றின்மேல் உட்கார்ந்தது. கூழாங்கல் மாதிரி சில்லிட்டிருந்தன.

வாயிலிருந்த காசின் சூடு மட்டும் இன்னும் ஆறவில்லை.