மனப்பாடம் செய்த பதில்

ஜெர்மன் உயர்நிலை வகுப்பில் தீபனுக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. பேச்சுத் தேர்வில் தேறாவிட்டால் இந்த வருடமும் போயிற்று. மாதிரித் தேர்வில் சுற்றுச்சூழலைப் பற்றிக் கேட்டபோது திணறினான். வேலையைப் பற்றிக் கேட்டபோது பாதியில் நின்றுவிட்டான்.

"சரி, குடும்பத்தப் பத்திச் சொல்லுங்க" என்றாள் அந்த வாரம்தான் சேர்ந்திருந்த ஆசிரியை ஷர்மிளா.

ஆரம்ப வகுப்பில் அவனும் மஞ்சரியும் சேர்ந்து மனப்பாடம் செய்த பதில் அது. தங்குதடையில்லாமல் வந்தது. என் மனைவி பெயர் மஞ்சரி. அவளுக்கு நீச்சல் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சமைப்பேன், அவள் குறை சொல்வாள்.

பக்கத்தில் இருந்த நஸ்ரின் தலையைக் குனிந்துகொண்டாள். இந்த வகுப்பிலிருந்து மஞ்சரியின் சாவுக்கு வந்தவள் அவள் ஒருத்திதான்.

"அட, இவ்ளோ நல்லாப் பேசுறீங்க! அப்புறம் ஏன் இவ்ளோ நேரம் முழிச்சீங்க?" என்று சிரித்த ஷர்மிளா, ஜெர்மனில் அடுத்த கேள்வியைக் கேட்டாள். நீங்கள் படிக்கப் போய்விட்டால் உங்கள் மனைவி என்ன செய்வார்?

அதற்கு அவர்கள் பதில் தயாரித்திருக்கவில்லை. இருவரும் சேர்ந்தே போவதாக இருந்தது.

"மேடம், அவரோட..." என்று நஸ்ரின் எழுந்தாள்.

"வகுப்புல நீங்க யாரும் தமிழ் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல? உக்காருங்க. அவரே சொல்லட்டும்."

தீபன் தெரிந்த சொற்களை மெதுவாகத் தேடி எடுத்தான்.

"அவளும் என்னோடு வருகிறாள்" என்றான் ஜெர்மனில், தடுமாறாமல்.