வாசலை மறித்த சுவர்

கோயில் வாசலுக்கு நேரே இன்றைக்கும் அந்தச் சுவர் நின்றது. நேற்றுத்தான் அருள்நாயகம் அதை அடியோடு இடித்துத் தள்ளியிருந்தான்.

"பார் மயூரி, திரும்பவும் கட்டிப்போட்டான்!"

பல்லைக் கடித்தபடி தலையில் மாட்டியிருந்த கண்ணாடிக் கவசத்தைக் கழற்றினான். கோயில் மறைந்து, கனடாவில் அஜின்கோர்ட்டில் அவன் வேலை செய்யும் சின்னக் கம்பனியும் பக்கத்து மேசை மயூரியும் தெரிந்தார்கள். சீனாவில் எப்போதோ எரிந்துபோன கோயில் ஒன்றைக் கம்ப்யூட்டருக்குள் கட்டி, கவசம் போட்டவர்கள் உள்ளே நடந்து பார்க்கச் செய்வதுதான் அங்கே வேலை.

இருந்ததோ ஒரேயொரு கம்ப்யூட்டர். பகலில் அருள்நாயகம், பின்னேரத்தில் ஹொங்கொங்கிலிருந்து வந்த லாவ். இரண்டு பேரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவேன் என்று ஊர்க்காரரான முதலாளி றொபேட் சொன்ன கிழமையிலிருந்து இந்தச் சுவர் முளைக்கத் தொடங்கியது. பிறகென்ன, சந்தேகத்துக்குக் கேட்கவா வேண்டும்!

"நாளைக்கு மியூசியக்காரர் பாக்க வருகினம். வாசல்லை நிண்டா சாமி நேரா தெரிய வேண்டாமோ? நல்லூர்க் கோயில்லை ஆரும் குறுக்கை சுவர் வைப்பானோ? என்ர வேலையைப் பறிக்கத்தான் உவன் உதைச் செய்யிறான்."

"கெடுக்கிறவன் உவ்வளவு வடிவாக் கட்டுவானோ அண்ணை? திரையிலை பாருங்கோ, சுவரிலை டிராகன்ர செதில் ஒண்டொண்டாக் கீறியிருக்கு."

"நீ சும்மா இரு. உவன் கெட்டிக்காரக் கள்ளன்!"

ஒரு பட்டனைத் தட்டினான். சுவர் போயிற்று. அதே சூட்டோடு றொபேட்டின் அறைக்குள் நுழைந்தான்.

"அண்ணை, எங்கட கோயில்லை ஆரோ விளையாடுறாங்கள்."

"எனக்கும் தெரியும் அருள். லாவ் இப்பத்தான் போன் எடுத்தவன். அழாத குறை."

முந்திக்கொண்டானே பாவி! அருள்நாயகம் கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்தான்.

"உப்பிடியான ஆக்களை வைச்சிருக்கக் கூடாது அண்ணை. ஆரெண்டாலும் முகம் பாக்காமல் வேலையாலை நிப்பாட்டுங்கோ."

"கட்டாயம். பிடிபட்டால் இண்டைக்கே வீட்டை அனுப்புவன்."

அப்பாடா! வேலை தனக்குத்தான் என்று அருள்நாயகத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. வீட்டுக்குப் போனதும் மனைவி தவமணியிடம் எப்படிச் சொல்லலாம் என்றுகூட யோசித்துவிட்டான்.

றொபேட் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"சீனாக்காரருக்கு வாசலுக்கு நேரே ஒரு சுவர் கட்டாயம் வேணுமாம். பேய் நேராத்தான் வருமாம், வளைஞ்சு போகத் தெரியாதாம். பாவம் லாவ், ஒவ்வொரு பின்னேரமும் திரும்பத் திரும்ப அதைக் கட்டுறான்."

பெருமூச்சு விட்டு அருள்நாயகத்தைப் பார்த்தார்.

"பகலிலை வந்து அதை இடிக்கிற பேய் ஆரெண்டுதான் தெரியேல்லை!"