அன்னக்கொடி பிடுங்கிய கன்றுகள்

"அன்னக்கொடிதான் கன்னைப் புடுங்குறா வாத்தியாரய்யா. என் கண்ணால பாத்தேன். கை நெறைய வச்சிருந்தா!"

பள்ளிக்கூட வாசலில் மூச்சிரைக்க நின்று சொன்னாள் சத்துணவு சமைக்கும் தமயந்தி.

ராஜேஷ்குமார் வாத்தியார் பாடத்தை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார்.

மலையில் பேத்துப்பாறை ஊருக்கும் மேலே இருக்கும் அந்தச் சின்ன ஊருக்கு டென்மார்க்கிலிருந்து ஹென்ரிக் என்பவர் தொண்டு செய்ய வந்து, இருநூறு சோலைமரக் கன்றுகளை நட்டுவிட்டுப் போய் ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அங்கே அவர் பஸ் டிரைவர். ஐப்பசி மழையில் பதினாலு நாள் லீவு போட்டு வந்து, மொட்டையாய்க் கிடந்த சரிவில் குழி தோண்டினார்.

"மரம் வளர்ந்தால் வற்றிப்போன ஊற்று திரும்ப வரும். வருஷா வருஷம் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது, அன்னக்கொடியைத் தவிர. பூண்டுக் காட்டில் கூலி வேலை பார்ப்பவள். சரிவின் அடியில்தான் அவள் வீடு.

"இந்தாளுக்கு அவுக ஊருல சோலியே கெடையாதா? இந்தப் பாறை மண்ணுல கன்னு தேறுமா? ஒரு கோடை தாங்காது" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

என்ன சொல்கிறாள் என்று ஹென்ரிக் கேட்டபோது, "நல்லா வளரட்டும்னு வாழ்த்துறாங்க" என்று வாத்தியார் சமாளிக்க வேண்டியிருந்தது.

இப்போது பிடுங்கவே ஆரம்பித்துவிட்டாளா?

வாத்தியார் நேரே அவள் வீட்டுக்குப் போனார்.

"ஏம்மா, சரிவுல கன்னைப் புடுங்கினியா?"

"ஆமா, புடுங்குனேன்."

"எதுக்கு?"

"எதுக்கோ புடுங்குனேன். போயி ஒங்க சோலியப் பாருங்க சார்."

அவ்வளவுதான். விஷயம் ஊர்க் கூட்டத்துக்குப் போனது. அன்னக்கொடி இனிமேல் சரிவுப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது என்றார்கள். நல்லது கெட்டதுக்கு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பூண்டு எடுக்கவும் கூப்பிடவில்லை. பக்கத்து ஊர்களுக்கு நடந்துபோய் வேலை பார்த்தாள்.

சரிவில் ஏறி, என்ன ஆனது என்று பார்க்க மட்டும் யாருக்கும் நேரமில்லை.

ஐப்பசியில் ஹென்ரிக் வந்தார். கூட்டமாக மேலே ஏறினார்கள். இருநூறு கன்றும் பச்சைப்பசேலென்று நின்றன.

"ஒன்றுகூடச் சாகவில்லையே!" குழந்தை மாதிரி குதித்தார் ஹென்ரிக்.

"நல்லவேளை, அன்னைக்கே அவளைத் தடுத்தோம்" என்றாள் தமயந்தி.

ஒவ்வொரு வருஷமும் வந்தார். ஒவ்வொரு வருஷமும் நட்டார். வரும்போதெல்லாம் எல்லாக் கன்றும் உயிரோடு இருந்தன.

ஒன்பதாவது வருஷச் சித்திரையில் அது நடந்தது. சுற்றிலும் எல்லா ஓடையும் காய்ந்து கிடக்க, சரிவின் அடியில் பாறை இடுக்கிலிருந்து கட்டைவிரல் பருமனில் தண்ணீர் வந்தது. கை வைத்தால் சில்லிட்டது. குடத்தோடு ஒன்றரை மைல் நடந்துகொண்டிருந்த பெண்கள் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சிலர் அழுதார்கள்.

அந்த ஐப்பசியில் ஊற்றங்கரையிலேயே விழா வைத்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் மாலையோடு வந்தார்.

ஹென்ரிக் மாலைக்குத் தலை குனியவில்லை. மாலையைக் கையில் வாங்கிக்கொண்டு பேசினார். வாத்தியார் தமிழில் சொன்னார்.

"நேற்று, எனக்குக் கன்று தரும் நர்சரிக்காரரோடு சரிவு முழுக்க நடந்தேன். நூற்றுக்குத் தொண்ணூறு மரம் நாவல் என்கிறார். நான் ஒரு நாவல் கன்றுகூட நட்டதில்லை. சின்னதாக இருந்தபோது எனக்கும் கூட வந்தவர்களுக்கும் எல்லாம் ஒரே இலையாகத்தான் தெரிந்தது. நான் வருஷத்தில் பதினாலு நாள்தான் இங்கே இருக்கிறேன். மற்ற நாளெல்லாம் இங்கே வேலை செய்தது யார்? இந்த மாலை அவருக்குத்தான்."

யார் யார் என்று கூட்டத்தில் கேட்டுக்கொண்டார்கள்.

ஓரத்தில் நின்ற சின்னக்கருப்பன் மெல்லக் கை தூக்கினான்.

"எம் பொண்டாட்டிதாங்க. ஊரு முழிக்கிறதுக்கு முந்தி, வெள்ளனே எந்திரிச்சுத் தண்ணிக் கொடத்தோட மேல ஏறிப் போயிருவா."

"சும்மா இருய்யா!" பக்கத்திலிருந்து அதட்டினாள் அன்னக்கொடி.

தமயந்தி ஆட்களுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

வாத்தியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் போனார். "புடுங்கினேன்னு நீதானேம்மா ஒத்துக்கிட்ட?"

"செத்த கன்னைத்தான் சார் புடுங்குனேன். அந்தக் கோடையிலயே முக்காவாசி கருகிப்போச்சு. மிச்சத்துலயும் பாதியக் காட்டெருமை மிதிச்சிருச்சு. ஓடைக்கரையில தானா மொளைச்ச நாவக்கன்னை எடுத்தாந்து அந்தந்தக் குழியில வச்சேன். வருசா வருசம் இதே கததான்."

"அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே! ஊரே ஒன்ன ஒதுக்கி வச்சுதே!"

"சொன்னா, நீங்க அவருக்குப் போன் போட்டுச் சொல்லிருவீங்க."

"சொன்னா என்னம்மா?"

அன்னக்கொடி ஹென்ரிக்கை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அம்புட்டுத் தூரத்துல இருந்து ஆசையா வார மனுசன் சார். நட்டது பூராச் செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிற மாட்டாரா? அதுக்காகத்தான் வச்சேன். தண்ணி வரும்னு நான் எங்க சார் நம்புனேன்!"