சொல்லிக்கொண்டு போனது

கிட்ட வாங்க கண்ணுகளா, ஒரு கதை சொல்கிறேன். பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு தையல்காரருக்கு நுரையீரலில் புற்றுநோய். எந்த மருந்துக்கும் அது மசியவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இரண்டு புது மருந்துகளைச் சேர்த்து ஏற்றிச் சோதித்துப் பார்த்தார்கள். ஸ்கேனில் கட்டியைக் காணோம்.

வீட்டுக்குக் கிளம்பும்போது நர்ஸ் கடைசியாகக் காய்ச்சல் பார்த்தாள். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவிக்கு, முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது.

"போயிட்டு வரேன்."

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா? ஆஸ்பத்திரியில யாராவது வரேன்னு சொல்வாங்களா? போறேன்னு சொல்லுங்க!" என்று சிரித்தபடி திரும்பினாள்.

அவர் வாயில் தெர்மாமீட்டர் இருந்தது. உதடுகள் இறுக மூடியிருந்தன. இரண்டு கைகளாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டுக்கு எந்த நோயும் வராமல் இருக்கட்டும், கண்ணுகளா. அப்படியே வந்தாலும், 'வரேன்' என்று சொல்லிக்கொள்ளாமல் போகட்டும்.