ஜீரோ காட்டிய கேள்வி

வீடியோ காலில் எலைன் திரையைப் பகிர்ந்ததும் பவ்யா முதலில் பார்த்தது, தான் அனுப்பிய தேடல் சொற்களின் பட்டியல் முழுக்கச் சிவப்புக் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்ததைத்தான்.

பவ்யா காது பரிசோதனைக்குப் படித்தவள். பங்காரப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு கிளினிக் திறந்து நான்கு மாதம் ஆகிறது. வெப்சைட் இருக்கிறது. அதற்குள் எட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

எலைன் பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் ஒரு லைன் வீட்டில் உட்கார்ந்தபடி ஊர் உலகத்துக்கெல்லாம் எழுதிக் கொடுப்பவள். அதற்கு முன் பெங்களூரில் ஓர் அலுவலகத்தில் ஏழு வருடம் எழுதினாள். தினமும் ரயிலில் போய்வருவது அலுத்துவிட்டது என்று சொல்லிப் போன வருடம் வேலையை விட்டாள்.

அதிலிருந்து பல் டாக்டர், டைல்ஸ் கடை, நாய்க்குப் பயிற்சி கொடுப்பவர் என்று யார் எதைக் கேட்கிறார்களோ அதை எழுதித் தந்தாள். கேட்டதை எழுதித் தருவது ஒன்று, எதை எழுத வேண்டும் என்று சொல்லித் தருவது வேறு. வெப்சைட்டை கூகுள் தேடலில் மேலே கொண்டுவரும் எஸ்.இ.ஓ. திட்டம் முழுவதையும் ஆறு மாதத்துக்கு என்னிடமே விடுங்கள் என்று அவள் துணிந்து கேட்ட முதல் ஆள் பவ்யாதான்.



பேசுவதெல்லாம் திரையின் கீழே எழுத்தாக ஓடும்படி எலைன் வைத்திருந்தாள். குறிப்பெடுக்க வசதி என்று பவ்யாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள். இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னாள். இந்தப் பக்கம் நெட்வொர்க் இப்படித்தான் என்று சிரித்தாள்.

பிறகு சிவப்புக் கோட்டுக்குக் காரணம் சொன்னாள்.

'ஹியரிங் எய்ட் விலை', 'நல்ல காது மெஷின்' போன்ற சொற்களுக்கெல்லாம் பெரிய கம்பெனிகள் கூகுளின் முதல் பக்கத்தில் எப்போதோ இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டன. அங்கே போய் முட்டி மோதுவதில் பயனில்லை. அதுவுமில்லாமல், மெஷினைத் தேடுகிறவர் பாதி முடிவுக்கு வந்துவிட்டவர். நமக்கு வேண்டியது அதற்கும் முந்தைய கட்டத்தில் இருக்கும் ஆள்.

அந்த ஆள் வீட்டில் நடக்கும் சச்சரவைத்தான் தேடுகிறார். டிவியை ஏன் இவ்வளவு சத்தமாக வைக்கிறார்கள் என்று தேடுகிறார். போன் அடித்தால் ஏன் எடுப்பதில்லை என்று தேடுகிறார். தமிழையும் கன்னடத்தையும் இங்கிலீஷ் எழுத்தில், வாயில் வருகிற மாதிரியே தட்டுகிறார்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம் போடுவோம் என்றாள் எலைன். முதல் பத்தியிலேயே நேரான பதில். பயமுறுத்த வேண்டாம், தள்ளுபடி என்று கூவ வேண்டாம். கடைசியில் கிளினிக்கின் போன் நம்பர், அவ்வளவுதான்.

பவ்யா ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டே வந்தவள், புதிய பட்டியலின் முதல் வரியில் நின்றாள். எலைன் அதற்கு மஞ்சள் பூசி, முதல் கட்டுரை இதுதான் என்று குறித்திருந்தாள்.

'எது சொன்னாலும் சிரிச்சிட்டே சரி சரின்றது ஏன்? கோபமா? காது கேக்கலியா?'

எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கருவியில் அந்த வரியைப் போட்டுப் பார்த்தாள் பவ்யா. மற்ற கேள்விகளுக்கு மாதம் இருபது, நாற்பது என்றாவது வந்தது. இதற்கு ஒன்றும் வரவில்லை.

"இது ஜீரோ காட்டுதே மேடம். ஒருத்தர்கூடத் தேடாத கேள்விக்கு இன்னாத்துக்கு முதல் கட்டுரை?"

கீழே எழுத்து ஓடி முடியும்வரை எலைன் காத்திருந்தாள்.

சின்ன எண்ணிக்கையெல்லாம் அந்தக் கருவியில் வராது என்று சொல்லிவிடலாம். பொய்யும் ஆகாது. இல்லையென்றால் வரியை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஆறு மாத வேலை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"ஒருத்தர் தேடியிருக்காரு மேடம். எங்க வீட்டுக்காரரு. செவ்வாக்கெழம, எங்க லேப்டாப்புல."

 

எலைன் வாய் திறந்த பிறகு மிச்சமும் தானாக வந்தது. ரயில் ஒருநாளும் அலுக்கவில்லை. மீட்டிங்கில் பேசுவதில் பாதிதான் காதில் விழுந்தது. சிரித்துச் சிரித்தே ஒரு வருடம் ஓட்டினாள். ஒருநாள் ஒருவர் தன் அம்மா செத்துப்போனதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதும் சிரித்துவிட்டாள். மறுநாள் வேலையை விட்டாள். முப்பத்தெட்டு வயதில் காது போகும் என்று யாரிடம் போய்ச் சொல்வது? கணவன் ரோனியிடம்கூடச் சொல்லவில்லை. அவனும் அவளிடம் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் லேப்டாப்பிடம் கேட்டிருக்கிறான்.

பவ்யா கேமராவுக்கு நெருங்கி வந்தாள். பேசுவதற்குப் பதில் சாட்டில் தட்டினாள்.

மஞ்சள் வரி அப்படியே இருக்கட்டும், முதல் கட்டுரை அதுதான் என்று எழுதினாள். ஆறு மாதத்துக்கும் நீங்களே பாருங்கள் என்று எழுதினாள். கொஞ்சம் நிறுத்தி, இது வேலைப் பேச்சு இல்லை, சனிக்கிழமை பத்து மணிக்குக் கிளினிக்குக்கு வாருங்கள், இந்த வயதில் இதற்கு ஆயிரம் காரணம் இருக்கும், பார்த்துவிடலாம் என்றும் எழுதினாள்.

எலைன் அதை இரண்டு முறை படித்தாள்.

வீடியோ கால் முடிந்ததும் போனை எடுத்து, பெங்களூர் ஒயிட்பீல்டில் வேலையில் இருந்த ரோனிக்கு ஒரு செய்தி அனுப்பினாள்.

"கோபம் இல்ல. சனிக்கெழம என்கூட வாங்க."