நான்கு எலுமிச்சம்பழம்

மகள் தவழ ஆரம்பித்த வாரமே தணிகாசலம் ஈரோட்டு டயர் கடைக்குப் போனான். விலை போனால் போகிறது, இருப்பதிலேயே பாதுகாப்பானது வேண்டும் என்றான்.

"இதைப் போடுங்க. அடியில எலிக்குஞ்சு கெடந்தாக்கூட டயருக்குத் தெரிஞ்சிரும். உங்களைக் கேக்காம வண்டி நகராதுங்க" என்றார் கடைக்காரர்.

மாட்டி முடித்ததும் மனைவி பூங்கொடி சூடம் காட்டி, டயருக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். தணிகாசலம் ஏறி வண்டியை எடுத்தான். கார் நகரவில்லை; அதன் குரல் மட்டும் வந்தது.

"முன் இடது டயருக்கு அடியில் சிறிய, மென்மையான பொருள் இருக்கிறது. ஏறலாமா?"

"ஏறு" என்றான் தணிகாசலம்.

அடுத்த டயருக்கும் கேட்டது. அதற்கடுத்ததற்கும் கேட்டது.

"சீக்கிரமுங்க, ராகு காலம் வந்துரும்" என்றாள் பூங்கொடி.

நான்காவது முறையும் "ஏறு" என்றதும் கார் கேட்டது: "இனிமேலும் இப்படி இருந்தால் உங்களைக் கேட்க வேண்டுமா?"

"ஒண்ணும் கேக்க வேண்டாம், போ!"

பழங்கள் நசுங்கின. பூங்கொடி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பியவன் வாசலில் காரைப் பின்னால் எடுத்தான். கார் எதுவும் கேட்கவில்லை. பின் டயர் லேசாக ஏறி இறங்கியது.

சமையலறையிலிருந்து பூங்கொடியின் குரல் வந்தது. "ஏனுங்க, பாப்பா உங்ககிட்டயா இருக்கறா?"